மரிக்கொழுந்துக்கு யார் பெயர் வைத்தது?

தாவரவியல் துறை உள்ள கல்லூரிகளில் அந்த அட்டையைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 42 செ.மீ. நீளம், 29 செ.மீ. அகலம். நடுவில் அழுத்தி உலர்த்திய செடி, வலது கீழ்மூலையில் ஒரு சீட்டு. சீட்டில் லத்தீன் பெயர், பெயர் வைத்தவர், சேகரித்தவர், இடம், நாள். மன்னார் வளைகுடாப் பாசி ஒன்றின் சீட்டு என்றால் இப்படி இருக்கும்: ஜெலிடியெல்லா அசெரோசா, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஃபோர்ஸ்கோல். டென்மார்க் அரசர் அரபு நாடுகளுக்கு அனுப்பிய பயணக் குழுவில் போன இயற்கையியலாளர் அவர். 1763இல் யேமனில் இறந்தார். அவருடைய குறிப்புகள் 1775இல்தான் அச்சேறின. அசெரோசா என்றால் ஊசி போன்றது என்று பொருள். அதே பாசியை பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் முங்கி எடுக்கிற பெண்கள் மரிக்கொழுந்து என்பார்கள். தலையில் வைக்கிற மரிக்கொழுந்தின் கிளையை அப்படியே உரித்து வைத்த மாதிரி இருக்கும். ஊசியைப் பார்த்த கண் வேறு, மரிக்கொழுந்தைப் பார்த்த கண் வேறு. சீட்டில் இடம் கிடைத்தது முதல் கண்ணுக்கு. சேகரித்தவர் என்ற வரியிலும் பெரும்பாலும் ஆய்வாளர் பெயர்தான் இருக்கும், பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், முங்கியவர் யாராக இருந்தாலும்.

இந்த அட்டையையே எடுத்து, சீட்டை மட்டும் மாற்றி எழுதும் கலைவேலை பற்றித்தான் இந்தப் பதிவு. அளவு அதே, மூலை அதே. காகிதத்துக்குப் பதில் துணி, பசைக்குப் பதில் வெயில். சயனோடைப் என்கிற நீல அச்சு முறை. மருந்து பூசிய துணியில் வெயில் பட்ட இடம் நீலமாகும், பொருள் மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். இதைப் பல ஊர்களில் கைவேலை வகுப்பாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், இலையை வைத்து அழகாக ஒரு பை செய்துகொண்டு வீட்டுக்குப் போகலாம். இராமநாதபுரம் கடற்கரையில் செய்யும்போது அந்த அழகோடு நிறுத்திக்கொள்வது வீண் என்பது என் கருத்து.

முறைக்கே ஒரு வரலாறு உண்டு. ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்தார். மறு ஆண்டே அன்னா அட்கின்ஸ் பிரிட்டன் கடற்பாசிகளை இதே முறையில் அச்சிட்டுத் தொகுப்பாக வெளியிடத் தொடங்கினார். ஒளிப்பட அச்சுகளைக் கொண்ட முதல் புத்தகம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஆக, இந்த முறையின் முதல் பெரிய வேலையே பாசிதான். பிறகு பொறியாளர்கள் கையில் போய், கட்டட வரைபடம், பாலம், துறைமுகம் எல்லாவற்றுக்கும் நகல் எடுக்கும் வழியானது. ப்ளூபிரிண்ட் என்ற சொல் அப்படி வந்ததுதான். கரையை யார் எப்படி மாற்றப்போகிறார்கள் என்று தீர்மானிக்கும் தாள் நீலமாக இருந்த காலம் அது. அந்த நீலத்தில் பாசி எடுப்பவர்களின் சொல்லை எழுதுவது இந்த வேலையின் பாதி அர்த்தம்.

முதலில் துணி. 100 சதப் பருத்தி, பாப்ளின் கனம். பாலியஸ்டர் கலந்திருந்தால் நீலம் பிடிக்காமல் கழுவும்போதே ஓடிவிடும். புதுத்துணியில் ஆலைக் கஞ்சி இருக்கும். லிட்டருக்கு 5 கிராம் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, நாலைந்து தண்ணீரில் அலச வேண்டும். கடைசித் தண்ணீரில் லிட்டருக்கு 20 மில்லி வினிகர். இந்த வினிகரை விட்டவர்கள்தான் பிறகு வந்து "நீலம் நிற்க மாட்டேங்குது" என்பார்கள். சோடா காரம், இந்த நீலத்துக்குக் காரம் ஆகாது. துணியில் ஒட்டியிருக்கும் சோடா அச்சை உள்ளிருந்தே தின்றுவிடும். பழைய வேட்டி எடுத்தால் கஞ்சித் தொல்லை குறைவு, ஆனால் அதில் சலவைத்தூள் மிச்சமும் சொட்டு நீலமும் இருக்கும், ஆகவே அதே கொதி, அதே வினிகர்.

மருந்து இரண்டு. ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பச்சை வகை, 25 கிராம் எடுத்து 100 மில்லி தண்ணீரில் கரைத்து ஒரு பாட்டில். பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம் எடுத்து 100 மில்லியில் கரைத்து இன்னொரு பாட்டில். இரண்டும் பழுப்புக் கண்ணாடி, தனித்தனியாக. பூசும்போதுதான் சம அளவில் கலக்க வேண்டும், கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். இந்த 200 மில்லி, அட்டை அளவுத் துணி ஒரு டஜனுக்குச் சரியாக வரும். நம் ஊர் வெக்கையில் சிட்ரேட் பாட்டிலில் இரண்டு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். மேலே மிதக்கும் ஆடையை வடிகட்டிவிட்டுப் பயன்படுத்தலாம், அச்சில் பெரிய வித்தியாசம் தெரியாது. தேவைக்கு மட்டும் கரைத்துக்கொள்வது அதைவிட நல்லது. இரும்புப் பாத்திரம், தகரப் பட்டை போட்ட தூரிகை, துருப்பிடித்த கிளிப் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. இரும்பு பட்ட இடமெல்லாம் மிளகு தூவியது போல் நீலப் புள்ளி விழும். பிளாஸ்டிக் கிண்ணம், ஸ்பாஞ்ச் தூரிகை, கையுறை போதும்.

மாலையில், ஜன்னலை மூடி, மஞ்சள் குண்டு பல்பு வெளிச்சத்தில் பூசுங்கள். கொடியில் தொங்கவிட்டால் மருந்து கீழே இறங்கி அடியில் கரும்பட்டை கட்டும். பிளாஸ்டிக் விரிப்பில் படுக்கப்போட்டு, அரைமணிக்கு ஒருமுறை புரட்டி, மின்விசிறிக் காற்றில் இரவு முழுக்க உலர விடுவதே சரி. காய்ந்த துணி எலுமிச்சை மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் இருக்க வேண்டும். காலையில் சாம்பல் நீலமாக இருந்தால் ஈரம் குடித்துக் கெட்டுவிட்டது என்று பொருள். ஐப்பசி, கார்த்திகையில் இது அடிக்கடி நடக்கும். அந்த மாதங்களில் பூசிய துணியை மறுநாளுக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

பாசிக்கு வருவோம். பாரில் இறங்கிப் பிடுங்கிக் கொடுங்கள் என்று கேட்கவே கூடாது. அச்சுக்கு வேண்டியது கரையில் ஒதுங்கியே கிடைக்கும். உதறிப் பாருங்கள், பவளத்துண்டு, உயிருள்ள சிப்பி ஒட்டியிருந்தால் அதோடு விட்டுவிடுங்கள். பவளம் வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை, உச்சப் பாதுகாப்பு பெற்றது.

ஈரப்பாசியை அப்படியே துணிமேல் வைத்தால் ஈரம் பட்ட இடத்தில் மருந்து கரைந்து, உருவம் தெரியாமல் தேமல் மாதிரி வரும். வேண்டுமென்றே அப்படிச் செய்பவர்களும் உண்டு, எனக்கு அதில் ஈர்ப்பில்லை. ஒழுங்கான வழி இது. அகலத் தட்டில் கடல்நீர் ஊற்றிப் பாசியை மிதக்கவிடுங்கள். அடியில் ஓஹெச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) ஒன்றை நுழைத்து, கிளைகளை ஈர்க்குச்சியால் பிரித்து, ஷீட்டோடு சாய்த்துத் தூக்குங்கள். மேலே மெல்லிய வாயில் துணி, அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் பலகை, செங்கல். செய்தித்தாளை தினம் மாற்ற வேண்டும், வாயிலைத் தொடக்கூடாது. நாலாம் நாள் வாயிலை உரித்தால் பாசி தன் வழுவழுப்பிலேயே ஷீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒரு ஷீட்டை வைத்து நூறு அச்சு எடுக்கலாம்.

எல்லாப் பாசியும் இதற்கு ஒத்துவராது. கஞ்சிப்பாசி நன்றாக ஒட்டும், நூல் நூலாக அச்சு விழும். முன்பு கஞ்சி காய்ச்சப் போட்ட பாசி, பெயரும் அதனால்தான். மரிக்கொழுந்து விறைப்பு, ஒட்டாது, ஷீட்டில் வெள்ளை நூலால் இரண்டு இடத்தில் தைத்துவிட வேண்டும். கட்டக்கோரையில் காற்றுக் குமிழ்கள் இருப்பதால் கண்ணாடி படியாமல் ஓரம் மங்கும், ஆனால் அந்தக் குமிழ்கள் வெள்ளை முத்துப்போல் விழுவது தனி அழகு. பக்கோடா பாசி காய்ந்தால் கல். அதைத் தட்டையாக்க முயன்று நேரத்தை வீணாக்காமல், அப்படியே வைத்து நிழலாக எடுங்கள்.

பெப்சி பாசி என்று ஒன்று இருக்கிறது. இந்தக் கரைக்கு வெளியிலிருந்து வந்தது. 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் பெப்சி நிறுவனம் மண்டபம் பக்கம் ஒப்பந்த முறையில் வளர்க்க வைத்தது. நிறுவனம் பிறகு விலகிக்கொண்டது, பெயர் நின்றுவிட்டது. குருசடைத் தீவுப் பவளங்கள்மேல் அது படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தெப்பம் கட்டி வளர்த்துப் பிழைக்கிற குடும்பங்களும் நிறைய. அதன் லத்தீன் பெயரில் அல்வாரெஸ் என்ற ஆள் இருக்கிறார், ஊர்ப் பெயரில் ஒரு குளிர்பானம் இருக்கிறது. மற்ற பாசிகளோடு இதையும் ஒரு அட்டையாக வைக்க வேண்டும் என்பேன். பெயர் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியைப் பார்ப்பவர் தானே கேட்டுக்கொள்வார்.

இனி சீட்டு. எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். அச்சுக்கு ஒரு நாள் என்றால் சீட்டுக்கு மூன்று நாள் ஒதுக்குங்கள்.

"இதோட பேர் என்ன?" என்று கேட்டால் பள்ளிக்கூடக் கேள்வி மாதிரி, வியாபாரி சொல்லும் பெயரோ அதிகாரி சொல்லும் பெயரோ பதிலாக வரும். "அக்கா, இத நீங்க என்னன்னு சொல்வீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், வேறு பதில் வரும். ஒரே பாசிக்கு அடுத்தடுத்த ஊரில் வேறு பெயர் வந்தால் இரண்டையும் எழுதுங்கள், சரியானது எது என்று தீர்ப்பு சொல்ல நாம் யார்? ஆழத்தை மீட்டரில் கேட்காதீர்கள். இடுப்பளவு, கழுத்தளவு, ஓராள், இரண்டாள் என்று வருவதை அப்படியே போடுங்கள். காற்று என்ன காற்று, வாடையா, கச்சானா. கிலோவுக்கு என்ன விலை, அந்த விலையைச் சொன்னது யார். இந்தக் கடைசி வரி எந்தத் தாவரவியல் சீட்டிலும் கிடையாது.

அப்புறம் இடம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் வந்தது. 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் அதற்குள். பாட்டி காலத்திலிருந்து முங்கிய பாரில் இன்று இறங்கினால் குற்றம். ஆகவே ஒரு பெண்ணின் பெயர், பாரின் பெயர், நாள் மூன்றையும் ஒரே சீட்டில் எழுதி ஊருக்கு ஊர் காட்சிக்கு வைத்தால், கலை என்று நீங்கள் நினைத்தது அவருக்கு ஒப்புதல் வாக்குமூலம். பெயர் போட வேண்டும் என்பதுதான் வேலையின் நோக்கமே, ஆனால் எந்தப் பெயர், எந்த அளவு என்பதை அவரே சொல்ல வேண்டும். வீட்டுப் பெயர் மட்டும் போதும் என்பவர் உண்டு. முழுப்பெயரும் அப்பா பெயரும் போடு என்று வீம்பாகச் சொல்பவரும் உண்டு. இடத்துக்கு "கரை ஒதுங்கியது" என்று எழுதலாம், பாசி உண்மையிலேயே அப்படி எடுத்ததுதானே. அச்சிடும் முன் சீட்டை ஒருமுறை சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

எழுத்தை அவர்கள் கையாலேயே ஷீட்டில் எழுத வைப்பது சிறப்பு. எழுதாதவர் என்றால் கைநாட்டு வாங்காதீர்கள். ரேஷன் கடையிலும் வங்கியிலும் நின்ற நினைவு அதோடு வந்துவிடும். அதற்குப் பதில் அவர் முங்கும்போது விரலில் சுற்றும் துணிச்சுருளை, கண்ணாடியை, காலில் கட்டும் தகட்டைத் துணிமேல் வைத்து நிழலாக எடுக்கலாம். அதுவே அவர் கையெழுத்து.

எழுதும் மைக்கு மார்க்கர் பேனா பத்தாது. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும் வெயிலின் புற ஊதாக் கதிர் அதனூடே போய்விடும், எழுத்து வெளிறிய நீலமாக நிற்கும். கறுப்பு அக்ரிலிக் வண்ணமோ இந்தியன் இங்க்கோ இரண்டு பூச்சு வேண்டும். அச்சில் எழுத்து வெள்ளையாக வரும். பெரிய தொல்லை தமிழ்ப் புள்ளிகள். ஷீட்டுக்கும் துணிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஒளி பக்கவாட்டில் நுழைந்து சின்னப் புள்ளியை அழித்துவிடும். மரிக்கொழுந்தில் இரண்டு புள்ளி. இரண்டும் போனால் மரிககொழுநது என்று நிற்கும், அவர்கள் பெயரைச் சரியாக எழுத வந்த இடத்தில் இது பெரிய அவமானம். புள்ளி 2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எழுத்திலிருந்து சற்றுத் தள்ளி வட்டமாக நிரப்ப வேண்டும். மை பூசிய பக்கம் துணியைத் தொட்டால் புள்ளி கூர்மையாக விழும், ஆனால் எழுத்து கண்ணாடி பிம்பமாகத் திரும்பிவிடும். அதற்காக ஷீட்டின் பின்பக்கம் தலைகீழாக எழுத யாரையும் சொல்ல முடியாது. முன்பக்கம் எழுதியதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் தெரியும் எழுத்தின்மேல் தூரிகையால் ஓட்டி, முன்பக்கத்தைத் துடைத்துவிட்டால் வேலை முடிந்தது.

வெயில் காட்டும்போது அடியில் பலகை, மேலே துணி, அதன்மேல் ஷீட், அதன்மேல் 5 மி.மீ. ஜன்னல் கண்ணாடி, நாலு பக்கமும் கிளிப். கார் முன்கண்ணாடியோ ஒட்டுக் கண்ணாடியோ கூடாது, புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். காலை 11 மணியிலிருந்து மதியம் 1 மணிக்குள் என்றால் 5 முதல் 10 நிமிடம். முதலில் மருந்து பூசிய இரண்டு அங்குலத் துணிப் பட்டை ஒன்றை வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதை மறைக்கும் அட்டையை நகர்த்திப் பார்த்து அன்றைய வெயிலின் அளவைக் கண்டுகொள்ளுங்கள். திறந்த பகுதி பச்சையிலிருந்து நீலமாகி, பிறகு வெண்கலம் கலந்த சாம்பலாக மாறும். வீணாகிவிட்டது என்று பயந்து பலர் நீலத்திலேயே எடுத்துவிடுவார்கள். அந்தச் சாம்பல் வந்தால்தான் கழுவிய பின் ஆழமான நீலம் நிற்கும்.

கழுவும் தண்ணீர் இந்தக் கரையில் தனிப் பிரச்சினை. கிணறும் போரும் உப்பு, பல இடத்தில் காரமும் கூட. அதில் அரைமணி ஊறினாலே நீலம் வெளுக்கும். கேன் தண்ணீரோ பிடித்து வைத்த மழைநீரோ நல்லது. இல்லாவிட்டால் முதல் தண்ணீரில் லிட்டருக்கு 20 மில்லி வினிகர் விடுங்கள். மஞ்சள் நீர் ஓடுவது நின்று, பாசியின் உருவம் சுத்த வெள்ளையாகும்வரை, பத்துப் பதினைந்து நிமிடம். கடைசித் தண்ணீரில் லிட்டருக்கு 10 மில்லி, மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால் நீலம் கண்முன்னே கறுக்கும். அது இல்லாவிட்டாலும் ஒரு நாளில் காற்றிலேயே அதே நிறம் வந்துவிடும், ஆனால் கூடி நிற்பவர்கள் முன்னால் அந்த நொடி நடக்கட்டுமே.

கழிவறை ஆசிடை இந்த மருந்துப் பக்கமே கொண்டுவராதீர்கள், கடும் அமிலம் பட்டால் ஃபெரிசயனைடு நஞ்சுக் காற்றை விடும். முதல் கழுவு நீரைக் கடலிலோ கண்மாயிலோ ஊற்றவும் கூடாது, வெயிலில் அதிலிருந்து சயனைடு பிரியும். நிறையத் தண்ணீர் விட்டுக் கழிவறைத் தொட்டிக்கு அனுப்புங்கள். கடலுக்காகப் பேசும் துணியின் கழிவு கடலுக்கே போனால் கேட்பவர் சிரிப்பார்.

அட்டைகள் பன்னிரண்டும் முடிந்தால் வேட்டி அளவில் ஒரு வரைபடம் எடுக்கலாம். பொறியாளரின் ப்ளூபிரிண்ட் முறையில், ஆனால் கோடு போடுவது பாசி எடுப்பவர்கள். நாலு முழ வேட்டிக்கு 300 மில்லி மருந்து. பேனா வேண்டாம், நைலான் கயிறு எல்லைக்கோடு, வலைத்துண்டு பார், தராசின் தட்டு வட்டம். எங்கே இறங்கலாம் என்று இருக்க வேண்டும், எடை போடும் தராசு யார் கையில், யார் வீட்டருகில் இருக்க வேண்டும், எந்த மாதம் யாருமே இறங்கக் கூடாது, எல்லாம் அதில் வரும். தடை மாதத்தை அவர்களே கேட்டுப் போடுவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, வெட்டின பாசி திரும்ப முளைக்கும் கணக்கு அவர்களுக்குத்தான் தெரியும். 2015இல் பாசி எடுக்கும் சின்னப்பாலம் லட்சுமிக்கு, தீவுகளின் சூழலைக் காக்கும் சீகாலஜி அமைப்பின் பரிசு கிடைத்ததும் இந்தக் கட்டுப்பாட்டையும் சேர்த்துத்தான்.

தீவுகளுக்குப் பெயர் எழுதும்போது ஆங்கில வரைபடத்தைப் பார்த்து எழுதாதீர்கள். அதில் ஹேர் ஐலண்ட் என்று இருப்பது கரையில் முசல் தீவு. பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் இப்போது தண்ணீருக்குள். பவளக் கல்லை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு காரணம். அந்த இரண்டையும் படத்தில் விட்டுவிடாமல் விட்டு விட்டுக் கயிறு வைத்துப் புள்ளிக் கோடாகக் காட்டலாம். இவ்வளவு பெரிய துணிக்குக் கண்ணாடி கிடைக்காது, ஆகவே உச்சி வெயிலில் 10 நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். நேரம் போனால் வெயில் நகர்ந்து ஒவ்வொரு கயிறும் இரட்டைக் கோடாகும். மணல்மேல் விரிக்காதீர்கள், பறந்து விழும் மணல் ஒவ்வொன்றும் வெள்ளைப் புள்ளி. அது தீவா மணலா என்று பிறகு சண்டை வரும்.

கூலி விஷயம் சுருக்கமாக. நிலவையும் நீரோட்டத்தையும் பார்த்துத்தான் பாசிக்கு இறங்குவார்கள், அந்த நாள்களில் அச்சு வேலை வைக்காதீர்கள். மற்ற நாளில் வைத்தாலும் ஒரு நாள் வருமானத்தை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். துணி விற்றால் பங்கு எவ்வளவு என்பதைத் தொடங்கும் முன் எழுதிக்கொள்ளுங்கள்.

முடிந்த துணியைச் சலவைத்தூளில் போட்டால் ஒரே அலசலில் மஞ்சளாகிவிடும். பூந்திக்கொட்டை நீர் போதும். ஊர்வலத்தில் பிடித்துப்போய்க் கடல்நீர் பட்டிருந்தால் அன்றே வினிகர் தண்ணீரில் அலசுங்கள். காட்சியில் பல வாரம் வெளிச்சத்தில் தொங்கி வெளுத்திருந்தால், இருட்டில் சில நாள் வையுங்கள், நீலம் பெருமளவு திரும்பிவிடும். மடிக்காமல் சுருட்டி வைப்பது நல்லது.

ஷீட்டுகள் அந்தப் பெண்களிடமே இருக்க வேண்டும். துணி ஊர் ஊராகப் போகலாம், மூலப்படி அவர்கள் வீட்டில் இருந்தால் வேண்டும்போது அவர்களே இன்னொன்று அச்சிட்டுக்கொள்வார்கள். பாசியின் பசையைக் கரப்பான் விரும்பித் தின்னும். ஒவ்வொரு ஷீட்டுக்கும் நடுவில் செய்தித்தாள், இறுக்கமாக மூடும் டப்பா, உள்ளே ஒரு கைப்பிடி காய்ந்த வேப்பிலை. இலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.